ஃப்ராக்டல் அம்பு எப்போது வருகிறது? கேயாஸும் சந்தையும்: கேள்வி பதில்

கேள்வி: கேயாஸ் தியரி படித்தால் நிஃப்டி நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடலாமா, சார்?

பதில்: நேர்மாறு. ஆரம்பத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் அது வளர்ந்து கணிப்பைக் கெடுத்துவிடும் என்பதுதான் கேயாஸ். 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் முதல் ஓட்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவரிடமாவது சமன்பாடு இருந்தது. சந்தைக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதித் தரவில்லை.

கேள்வி: அப்புறம் ஃப்ராக்டலால் (சின்னத் துண்டும் முழுசு மாதிரியே இருக்கும் வடிவம்) என்னதான் பயன்?

பதில்: அடி எவ்வளவு பெரிதாக விழலாம் என்று தெரியும். 1963இல், ஃப்ராக்டல் கணிதத்தைப் பின்னாளில் உருவாக்கிய மாண்டல்ப்ராட் பருத்தி விலையை ஆராய்ந்தார். மணி வடிவ வளைவு (சராசரியிலிருந்து பெரிய விலகல் அபூர்வம் என்று கொள்ளும் கணக்கு) சொல்வதைவிடப் பெரிய தாவல்கள் மிக அதிகமாக இருந்தன. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. 2020 மார்ச் 23 நினைவிருக்கிறதா? நிஃப்டி 10 சதவீதம் விழுந்ததும் 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள்; திறந்த பிறகும் விழுந்து, சுமார் 13 சதவீத இறக்கத்தில் முடிந்தது. விலை தாவும்போது ஸ்டாப்லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆணை) நீங்கள் எழுதிய விலையில் விற்காது. வாங்கும் அளவை, அதாவது லாட்டைக் குறையுங்கள்.

கேள்வி: 60 நாள் குளோசிங் விலையில் ஹர்ஸ்ட் எண் (பழைய போக்கின் நினைவு தரவில் இருக்கிறதா என்று காட்டுவது; 0.5 என்றால் இல்லை) 0.94 வருகிறது. டிரெண்ட் உறுதிதானே?

பதில்: விலையை அப்படியே போட்டிருக்கிறீர்கள். தினசரி மாற்றத்தைப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் 60 நாள் போதாது; இவ்வளவு சின்னத் தரவில் வெறும் தற்செயலே 0.5க்கு மேல் காட்டும். அந்த மாற்றங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். அதே எண் வந்தால் அதில் நினைவு எதுவும் இல்லை. ஹர்ஸ்ட் இதை நைல் நதி வெள்ளத்துக்காகக் கண்டுபிடித்தார், அவரிடம் பல நூற்றாண்டு அளவுகள் இருந்தன.

கேள்வி: பேங்க் நிஃப்டிக்கு எந்த டைம்ஃப்ரேம் பெஸ்ட்?

பதில்: மேலே படியுங்கள். லாட்டைக் குறையுங்கள்.

கேள்வி: ஐந்து நிமிட சார்ட்டில் கீழ் ஃப்ராக்டல் வந்ததும் வாங்கினால் பேக்டெஸ்டில் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால்) பத்துக்கு எட்டு ஜெயிக்கிறது. லைவில் மட்டும் தோற்கிறேன்.

பதில்: கீழ் ஃப்ராக்டல் என்பது சார்ட்டில் சாப்ட்வேர் போடும் அம்பு. அதற்கு ஐந்து கேண்டில் (ஒவ்வொன்றும் ஐந்து நிமிட விலையைக் காட்டும் கட்டம்) வேண்டும், நடுவில் இருப்பதன் லோ (மிகக் குறைந்த விலை) மற்ற நான்கையும்விடக் கீழே இருக்க வேண்டும். 10:15க்குத் தொடங்கும் கேண்டிலின் அடியில் அம்பு தெரிகிறது, சரி. ஆனால் அடுத்த இரண்டும் முடிந்து 10:30 ஆனால்தான் அந்த அம்பே பிறக்கும். உங்கள் பேக்டெஸ்ட் 10:20க்கே வாங்கிவிடுகிறது. அதாவது, அடுத்த பத்து நிமிடம் அந்த லோ உடையாத இடங்களை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு ஜெயித்ததாகச் சொல்கிறது.

கேள்வி (அவரே): சாப்ட்வேர் விற்றவர் ரீபெயின்ட் ஆகாது, அதாவது போட்ட அம்பு மாறாது என்றாரே?

பதில்: பொய் சொல்லவில்லை. வந்த அம்பு அழியாது, பின்தேதி போட்டு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி (வேறொருவர்): நானும் இதே செட்டப்தான், சார். இரண்டு கேண்டில் தள்ளி வாங்கிப் பார்த்தேன். லாபம் மொத்தமும் காணோம்.

பதில்: முதலில் கேட்டவர் இதைப் படிக்கட்டும். புரோக்கரேஜையும் கழித்துப் பாருங்கள், இன்னும் அழகாக இருக்கும்.

கேள்வி (முதலில் கேட்டவர்): அப்போது இந்த ஃப்ராக்டல் அம்பு முறையைப் பரப்பிய பில் வில்லியம்ஸ் சொன்னது தப்பா?

பதில்: அம்பைப் பார்த்ததும் வாங்கு என்று அவர் சொல்லவில்லை. மேல் ஃப்ராக்டலின் ஹை (உச்ச விலை) உடைந்தால் வாங்கு என்றார். அது பழைய பிரேக்அவுட் முறைதான். மாண்டல்ப்ராட்டின் கணிதத்துக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் பொது.

கேள்வி: எலியட் வேவ் (விலை அலை அலையாகப் போகும் என்ற முறை) பற்றி?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: பர்சனல் லோன் எடுத்து ஆப்ஷன் செய்யலாமா? எந்த இன்டிகேட்டர்?

பதில்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லியிருக்கிறது. இன்டிகேட்டர் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கேள்வி (முதலில் கேட்டவர்): இன்று லைவில் குறித்துப் பார்த்தேன், சார். 11:40 கேண்டிலின் அம்பு 11:55க்குத்தான் வந்தது.

பதில்: 11:45க்கு என்ன விலை, 11:55க்கு என்ன விலை என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். ஐம்பது அம்பு சேர்ந்ததும் பேசலாம்.