மைதானத்துக்குள் 'அண்ணே' வேண்டாம்

கேள்வி: கல்லூரி கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். முதலாமாண்டுப் பையன்கள் சீனியர்களிடம் பந்து கேட்கவே தயங்குகிறார்கள். நான் மாநில அணிக்குக்கூட ஆடியதில்லை, சொன்னால் எடுபடுமா?

பதில்: இரண்டாவது கவலையை முதலில் விடுங்கள். டச்சுப் பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்க் நெதர்லாந்து தேசிய அணிக்கு ஒரு போட்டிகூட ஆடாதவர். டி கிராஃப்ஸ்காப் என்ற சிறிய கிளப்பில் நடுக்களம் ஆடிக்கொண்டே உடற்பயிற்சி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். அவர்தான் 1988இல் பிஎஸ்வி என்ற டச்சு கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தார். 1998இல் நெதர்லாந்தை உலகக் கோப்பை அரையிறுதிவரை கொண்டுபோனார்.

சரி, சீனியர் விஷயம். 2001இல் தென்கொரிய அணியை ஏற்றபோது அவருக்கும் இதே தலைவலிதான். அங்கேயும் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சாப்பிடும்போதுகூட மூத்தவர்கள் ஒரு மேசை, இளையவர்கள் ஒரு மேசை. ஹிடிங்க் மேசைகளைக் கலந்தார். ஆட்டத்தின்போது மரியாதைச் சொல் வேண்டாம், பெயர் சொல்லிக் கத்துங்கள் என்றார். நியாயம்தானே? "அண்ணே, இந்தப் பக்கம்" என்று முடிப்பதற்குள் பந்து எதிரணிக் காலில் இருக்கும்.

பலன் உடனே வரவில்லை. அந்த ஆண்டே பிரான்ஸிடமும் செக் குடியரசிடமும் 5-0 என்று தோற்றார்கள். 'ஐந்துக்குப் பூஜ்யம்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவரோ வீரர்களின் தெம்பைக் கூட்டும் கடும் பயிற்சியை விடவில்லை. அதுவரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத கொரியா, 2002இல் நான்காம் இடம் பிடித்தது. இத்தாலிக்கு எதிராக 0-1 பின்தங்கியபோது, தடுப்பாட்டக்காரரும் அணித்தலைவருமான ஹொங் மியுங்-போவையே வெளியே எடுத்து முன்கள வீரரை இறக்கினார். 88ஆவது நிமிடத்தில் சமன். கூடுதல் நேரத்தில் வெற்றி. நடுவர் தீர்ப்புகளைப் பற்றி இத்தாலிக்காரர்கள் இன்றும் பொருமுவது தனிக்கதை.

ஒன்றை மறக்காதீர்கள்: கொரியாவில் உள்ளூர் லீக் அணிகள் வீரர்களை நீண்ட முகாம்களுக்கு விட்டுக்கொடுத்தன. அந்த வசதி எல்லா இடத்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் துருக்கியை யூரோ 2012க்குத் தகுதிபெற வைக்க அவரால் முடியவில்லை. உங்களுக்கோ மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் பயிற்சி ஆட்டத்தில் சீனியர், ஜூனியரைக் கலந்து அணி பிரியுங்கள். வாரம் ஒரு நாள் முதலாமாண்டுப் பையனிடம் தலைமையைக் கொடுங்கள். அதற்கு முன் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அவன் சம்மதிக்காமல் இதைத் தொடங்கினால், மைதானத்தில் பெயர் சொல்லிக் கத்தின பையனுக்கு ராத்திரி ஹாஸ்டலில் கச்சேரிதான்.