கேசினோ பணம் எங்கே போகிறது? அமெரிக்கப் பழங்குடியினரின் சூதாட்டத் தொழில் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கப் பழங்குடி இனங்கள் நடத்தும் கேசினோக்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கார்த்திக்: சார், அங்கே பல மாநிலங்களில் கேசினோவுக்குத் தடை இருக்கிறது. பழங்குடியினருக்கு மட்டும் எப்படி அனுமதி? இது சலுகைதானே?

சலுகை இல்லை கார்த்திக். அமெரிக்க மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி இனங்கள் 570-க்கும் மேல். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் ஓர் அரசு. ரிசர்வேஷன் எனப்படும், அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் மாநில அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதுதான் நீதிமன்றங்கள் முன் இருந்த கேள்வி.

அது ஒரு வீட்டு வரியில் ஆரம்பித்தது. மினசோட்டாவில் ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த பிரையன் தம்பதிக்கு, ரிசர்வேஷனில் இருந்த அவர்களுடைய நடமாடும் வீட்டுக்கு 147.95 டாலர் வரி கேட்டுச் சீட்டு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரியை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1976-இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 1979-இல் ஃபுளோரிடாவின் செமினோல் மக்கள் பெரிய பரிசுத்தொகையோடு பிங்கோ (எண்கள் அச்சிட்ட அட்டையை வைத்து ஆடும் பந்தயம்) கூடம் திறந்தபோது அதிகாரிகள் அதை மூடப் பார்த்தார்கள். அந்த முயற்சியை முறியடிக்க இந்தத் தீர்ப்புதான் கைகொடுத்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில் கபசோன் என்ற மிகச் சிறிய இனம். உறுப்பினர்கள் சுமார் 25 பேர்தான். மாநிலமே லாட்டரி நடத்திக்கொண்டு எங்கள் பிங்கோவை எப்படித் தடுக்கலாம் என்ற அவர்கள் வாதம் 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்ற கணக்கில் வென்றது.

அடுத்த ஆண்டு வந்த மத்தியச் சட்டம்தான் இந்த உரிமையைக் கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். உரிமை ஏற்கெனவே இருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வரம்பு கட்டியது. காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷின் போன்றவற்றை நடத்த மாநில அரசோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று வந்தது அதில்தான்.

தேவி: லாபம் யார் பைக்குப் போகிறது? தலைவர்கள் எடுத்துக்கொள்வார்களா?

நிகர லாபத்தைச் செலவிட ஐந்து வழிகளைத்தான் சட்டம் அனுமதிக்கிறது: பழங்குடி அரசின் நிர்வாகம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்மம், அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவி. உறுப்பினர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் அதற்கான திட்டத்துக்கு மத்திய உள்துறையின் ஒப்புதல் வேண்டும், வாங்குபவர் அதற்கு மத்திய வருமான வரியும் கட்ட வேண்டும். “அவர்களுக்கு வரியே இல்லை” என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது தவறு.

நிவேதா: அக்கா, கையில் காசு கொடுத்தால் உழைக்கும் எண்ணம் போய்விடாதா? குழந்தைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

இதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது நிவேதா. வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் கிழக்கு செரோக்கீ மக்கள் வாழ்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழு 1993 முதல் அந்த வட்டாரத்தின் 1,420 குழந்தைகளின் மனநலத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தது. அவர்களில் கால்வாசிப் பேர் பழங்குடிக் குழந்தைகள். ஆய்வு நடுவில் இருக்கும்போதே, 1997-இல் செரோக்கீ ஊரில் கேசினோ திறந்தது. லாபத்தில் பாதி பழங்குடி அரசுக்கு, மீதிப் பாதி எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாக. வேலை செய்பவர், செய்யாதவர் என்ற வித்தியாசம் கிடையாது. யாரும் திட்டமிடாமலே ஒரு பரிசோதனை அமைந்துவிட்டது.

2003-இல் வெளிவந்த முடிவு இதுதான். வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் முரட்டுத்தனம், எதிர்த்து நிற்பது போன்ற நடத்தைக் கோளாறுகள், வறுமையையே பார்க்காத குழந்தைகளின் அளவுக்குக் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கவலையும் மனச்சோர்வும் அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த இன்னோர் ஆய்வில், மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக ஓராண்டு படித்தது தெரிந்தது. பெற்றோர் வேலையை விட்டுவிட்டதாகத் தெரியவில்லை.

சிறுவர்களின் பங்கு கையில் தரப்படாது. அது ஒரு நிதியில் சேர்ந்துகொண்டே வரும். முன்பு பள்ளிப் படிப்பை முடித்து 18 வயதானதும் மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்த வயதில் அவ்வளவு பணம் சிலருக்குப் பாரமாகிப்போனதால், இப்போது தவணையாகப் பிரித்துவிட்டார்கள். தன் பிள்ளைகள் விஷயத்தில் தானே யோசித்துத் தானே திருத்திக்கொள்ளும் ஓர் அரசு! எனக்குத் தொகையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. தங்கள் மருத்துவமனையின் நிர்வாகத்தை 2002-இல் கையில் எடுத்து, 2015-இல் புதுக் கட்டடமும் திறந்தார்கள். செரோக்கீ மொழியிலேயே பாடம் நடக்கும் பள்ளியும் நடத்துகிறார்கள்.

சரஸ்வதி, ஈப்போ: நம் மலேசியாவின் கெந்திங் மலைக் கேசினோ முதலாளி அமெரிக்கப் பழங்குடியினருக்குக் கடன் கொடுத்தார் என்கிறார்களே?

உண்மைதான் அம்மா. கனெடிகட் மாநிலத்தில் மஷாண்டக்கெட் பீக்வாட் என்ற சிறிய இனம் கேசினோ கட்டக் கடன் தேடியபோது அமெரிக்க வங்கிகள் கைவிரித்துவிட்டன. கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ டோங் பணம் போட்டார். 1992-இல் ஃபாக்ஸ்வுட்ஸ் திறந்தது. ஸ்லாட் வருவாயில் 25 சதவீதம் மாநில அரசுக்குப் போனது. ஆனால் அகலக்கால் வைத்துவிட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு 200 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனில் சிக்கினார்கள், தலைக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது.

இம்ரான்: அப்படியானால் பழங்குடியினர் எல்லோரும் இப்போது பணக்காரர்களா?

இல்லை. 2024 நிதியாண்டில், ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக, எல்லாப் பழங்குடிக் கேசினோக்களிலும் மிஞ்சிய தொகை 4,390 கோடி டாலர். அதில் பெரும்பங்கு நகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சில இடங்களுக்குத்தான். தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் லக்கோட்டா மக்களுக்கும் கேசினோ இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பெரிய நகரமே இல்லை, வறுமையும் தீரவில்லை. கேசினோ இல்லாத இனங்களும் நிறைய. கலிஃபோர்னியாவில், கேசினோ இல்லாத இனங்களுக்கும் சிறிதாக நடத்தும் இனங்களுக்கும் ஆண்டுக்கு 11 லட்சம் டாலர் வரை கொடுக்க, பெரிய கேசினோ நடத்தும் இனங்கள் பணம் போடும் நிதி ஒன்று உண்டு. மற்ற மாநிலங்களும் இதைச் செய்யலாம்.

பெயர் வேண்டாம்: சூதாட்டத்தால் என் குடும்பம் அழிந்தது. நீங்கள் இதைப் புகழ்வது வலிக்கிறது.

உங்கள் வலியை மறுக்க மாட்டேன். பழங்குடிக் கேசினோ வந்த மாவட்டங்களில் நான்கு ஆண்டுகளில் திவால் வழக்குகளும் திருட்டும் வன்முறைக் குற்றமும் 10 சதவீத அளவுக்கு உயர்ந்ததாக, கேசினோவால் வேலைவாய்ப்பு கூடியதைக் காட்டிய ஓர் ஆய்வே சொல்கிறது. இந்தத் தீங்கை எண்ணியே நவஹோ மக்கள் 1994-இலும் 1997-இலும் வாக்களித்துச் சூதாட்டத்தை நிராகரித்தார்கள். பிற்பாடு அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அடிமைப்பட்டவர்களுக்கான சிகிச்சைக்கு லாபத்திலிருந்து கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜெயந்தி: செரோக்கீ பக்கம் போகப் போகிறோம். கேசினோ வேண்டாம், வேறு என்ன பார்க்கலாம்?

அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். எதிரிலேயே குவாலா கைவினைக் கூட்டுறவு இருக்கிறது, 1946 முதல் நடக்கிறது. கூடை வாங்குவதாக இருந்தால் அங்கே வாங்குங்கள். விலை சற்றுக் கூடத்தான், ஆனால் செரோக்கீ கைவினைஞர்களே செய்தது.