புராஸ்டேட் புற்றுநோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது?

நோயெதிர்ப்பு சமிக்ஞைகளால் புராஸ்டேட் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பை எடுத்துக்கொள்வோம், அது அதிகம் பரவுவது அங்கேதான். எலும்பு மஜ்ஜைச் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைனை, அதாவது செல்களைத் தன் பக்கம் ஈர்க்கும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மஜ்ஜையில் தக்கவைக்க உடல் கொடுக்கும் அழைப்பு அது. அதைப் பிடிக்கும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. பல புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேலும் இதே ஏற்பி இருக்கிறது. ரத்தத்தில் வரும் அந்தச் செல், வாசனை பிடித்துப் போவதுபோல கீமோகைன் அடர்ந்த பக்கம் நகர்ந்து, நாளச் சுவரில் ஒட்டி, மஜ்ஜைக்குள் புகுந்துவிடுகிறது. எலிகளில் பார்த்தபோது புற்றுச் செல் ஸ்டெம் செல்களின் இடத்துக்கே போட்டியிட்டது.

அப்புறம் இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு நோயெதிர்ப்பு சமிக்ஞைப் புரதம். அது ஸ்டாட்3 புரதத்தை முடுக்கி, புற்றுச் செல் பிழைக்க உதவுகிறது. சரி, இன்டர்லூக்கின்-6ஐத் தடுத்தால் போதாதா? சில்டக்சிமாப் மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள், நோயாளிகளுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை.