மந்த காலத்துல 400 பவுண்ட் வாக்குவம் கிளீனரை யார் வாங்குவாங்க?

தம்பி, இங்கிலாந்துல லெஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்த கையோட வேலை கிடைச்சதே நல்ல விஷயம். பெரிய எலக்ட்ரிகல் கடையில சனி ஞாயிறு நின்னு, விலை கூடின வாக்குவம் கிளீனரை டெமோ காட்டி விக்கணும்னு எழுதியிருந்தீங்க. கேஸ் பில் கட்டவே ஆளுங்க யோசிக்கிற நேரத்துல 400 பவுண்ட் மெஷினை யார் வாங்குவாங்க, கமிஷன் தேறுமா, பேசாம கிடங்கு வேலைக்கே போயிடவான்னு கேட்டிருந்தீங்க. 2008 கடைசியில இதே வேலையைத்தான் நான் மான்செஸ்டர் பக்கம் பார்த்தேன். விக்கும். எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க ஒப்பந்தத்தைப் பத்தி கொஞ்சம் பேசணும்.

டெமோ ஆளுங்களைப் பெரும்பாலும் கடை நேரடியா எடுக்காது. பிராண்டுக்காக ஏதாவது ஒரு ஏஜென்சி எடுக்கும். அதுல சில பேர் 'செல்ஃப் எம்ப்ளாய்டு'ன்னு போட்டு, வித்தா மட்டும் காசுன்னு சொல்லுவாங்க. ஸ்டூடன்ட் விசாவுல சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. ஒப்பந்தத்துல அந்த வார்த்தை இருந்தா, எவ்வளவு கமிஷன் காட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க. மணிக்கணக்குச் சம்பளம், ஒழுங்கான பே-ஸ்லிப், அதுக்கு மேல கமிஷன்னு இருந்தாத்தான் சரி. 21 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல்ல மணிக்கு 12.21 பவுண்ட் ஆச்சு, வருஷா வருஷம் ஏப்ரல்ல மாத்துவாங்க. டிரெய்னிங்னு கூப்பிட்டு உட்கார வைக்கிற நாளுக்கும் அந்தக் கூலி உண்டு.

ஸ்டூடன்ட் விசாவுல டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அந்தக் கணக்கு திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி சரியாப் போச்சுன்னு சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் நெருங்கினா கடை மேனேஜர் கூடுதல் ஷிஃப்ட் தர்றேன்னு ஆசை காட்டுவார். அவருக்கு உங்க விசா விவரம் தெரியணும்னு எதிர்பார்க்காதீங்க. டெர்ம் எப்ப முடியுதுன்னு யுனிவர்சிட்டியில எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. மாஸ்டர்ஸ்காரங்களுக்குக் கோடைக்காலமும் பெரும்பாலும் ஆய்வறிக்கை எழுதுற டெர்ம்தான், லீவு இல்ல.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்க வங்கி விழுந்துச்சு. நவம்பர்ல இங்க ஊருக்கு ஊர் கடை வச்சிருந்த வூல்வொர்த்ஸ் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய், 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள்ள 800-க்கும் மேற்பட்ட கடைகளையும் மூடிட்டாங்க. மக்களைச் செலவு பண்ண வைக்கணும்னு அரசாங்கம் டிசம்பர் 1-ல இருந்து வாட் வரியை 17.5 சதவீதத்துல இருந்து 15-ஆ குறைச்சது. கேக்க பெரிசா இருக்கும். 300 பவுண்ட் மெஷினுக்குக் கணக்குப் போட்டா ஆறு பவுண்ட் சொச்சம் இறங்கும், அவ்வளவுதான். ராத்திரியோட ராத்திரியா விலைச் சீட்டெல்லாம் மாத்தினோம். காலையில வந்தவங்க பழைய விலை ஞாபகம் இல்லாததால "இதுல என்ன குறைஞ்சிருக்கு?"ன்னு எங்களையே கேட்டாங்க.

டிவி பக்கம் ஈ ஓட்டினாங்க. இருக்கிற டிவி ஓடுதே, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு ஜனங்க போயிட்டாங்க. வாக்குவம் கிளீனர் கதை வேற. இந்த ஊர் வீட்டுல கார்ப்பெட்டைத் தரையோட ஒட்டிப் போட்டிருப்பாங்க, மாடிப்படி வரைக்கும். சுருட்டி எடுத்து வெளியில உதற முடியாது, விளக்குமாத்துக்கும் அடங்காது. மெஷின் போச்சுன்னா ரெண்டு வாரம் தாக்குப் பிடிக்கலாம், மூணாவது வாரம் கடைக்கு வந்துதான் ஆகணும். வாடகை வீட்டுக்காரங்க காலி பண்ணும்போது கார்ப்பெட் அழுக்கா இருந்தா டெபாசிட்ல கைவைப்பாங்கன்னு பயம் வேற. அதனால மந்த காலத்துல உங்க வாடிக்கையாளர், மெஷின் உடைஞ்சு போய் வர்றவர்தான். ஆசைக்குப் புதுசு வாங்கறவரைத் தேடிட்டு நிக்காதீங்க.

அவரைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். "உதவி வேணுமா?"ன்னு கேட்டா "சும்மா பாக்கறேன்"னு நகர்ந்துடுவாங்க, இங்க எல்லாரும் அப்படித்தான். "வீட்டுல இருக்கறது இன்னும் ஓடுதா?"ன்னு கேளுங்க. ஓடலைன்னா நின்னு புலம்புவாங்க: கருகின வாசனை வந்துச்சு, பெல்ட் அறுந்துச்சு, பதினெட்டு மாசத்துல இது ரெண்டாவதுன்னு. குறுக்க பேசாம கேளுங்க. மலிவா வாங்கி ஏமாந்த கதையை அவங்க வாயாலேயே சொல்லி முடிச்சதும், விலையைப் பத்தி நீங்க வாதாட வேண்டியது பாதிதான் இருக்கும். அப்புறம் மாடிப்படி உண்டா, நாய் பூனை உண்டா, வீட்டுல யாருக்காவது ஆஸ்துமாவான்னு கேளுங்க.

டெமோவுக்கு சோடா மாவைக் கார்ப்பெட் துண்டுல தேய்ச்சு உறிஞ்சிக் காட்டச் சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. சுமாரான மெஷினே அந்த மாவை எடுத்துடும், அது வாடிக்கையாளருக்கும் தெரியும். முடியைப் போட்டுக் காட்டுங்க. நீளத் தலைமுடியைக் கார்ப்பெட்ல பரப்பி ஓட்டி, மெஷினை அணைச்சு, கவுத்து, பிரஷ் ரோலரைக் காட்டுங்க. வீட்டுல கத்திரிக்கோலை வச்சு அதை அறுத்து எடுத்தவங்க முகத்துல உடனே ஒரு மாற்றம் தெரியும். அடுத்து மெஷினை அவங்க கையில கொடுத்துட்டு நீங்க ஒதுங்கி நில்லுங்க. கார்ட்லெஸ் மாடல்ல மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடிகிட்டயே இருக்கிறதால எடை முழுக்க மணிக்கட்டுல இறங்கும். படி சுத்தம் பண்ற மாதிரி ஒரு நிமிஷம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. வயசான ஒரு அம்மா அப்படிப் பிடிச்சுப் பார்த்துட்டு முகம் சுளிச்சா அந்த மாடலை விட்டுடுங்க. வித்தாலும் அடுத்த வாரம் பெட்டியோட திரும்பி வரும்.

பேட்டரி விஷயத்துலயும் முந்திக்குங்க. பெட்டியில போட்டிருக்கிற நிமிஷக் கணக்கு குறைஞ்ச வேகத்துக்கானது. முழு வேகத்துல வச்சா கொஞ்ச நேரத்துலயே தீர்ந்துடும். இதை நீங்களே சொல்லிட்டா மத்ததையும் நம்புவாங்க. ஃபில்டரைக் கழுவினா ஒரு நாள் முழுக்கக் காயவிடணும்னும் சொல்லிடுங்க. ஆஸ்துமா இருக்கிற வீட்டுக்குப் பை போடுற மெஷின்தான் நல்லது, பை இல்லாததைக் கொட்டும்போது தூசு பறக்கும். உங்க பிராண்டுல பை மாடல் இல்லைன்னா பக்கத்து ஷெல்ஃபைக் காட்டுங்க. ஏஜென்சிக்குப் பிடிக்காது, நான் காட்டியிருக்கேன்.

"ஹென்றி போதாதா?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. சிரிச்ச முகம் வரைஞ்ச அந்தச் சிவப்பு மெஷின், சோமர்செட்ல சார்ட்ங்கிற ஊர்ல நியூமாட்டிக் கம்பெனி செய்யறது. உங்க மெஷின்ல பாதி விலைக்கும் கீழ, உழைக்கும். அதைக் குறை சொன்னா உங்களைத்தான் தப்பா நினைப்பாங்க. சின்ன ஃப்ளாட், மரத்தரைன்னா போதும்னே சொல்லுங்க. நாய் இருக்கிற மூணு படுக்கையறை வீடுன்னா, முடிக்குன்னே சுத்துற பிரஷ் வேணும்னு காரணத்தோட சொல்லுங்க.

வட்டியில்லாத் தவணை பத்திக் கேட்டா நீங்க விளக்கவே வேண்டாம், கடை ஊழியர்கிட்ட விட்டுடுங்க. கடன் விக்கிறதுக்கு இங்க தனி விதிமுறை உண்டு. "பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாமா?"ன்னா, அது அந்தக் கடையோட கொள்கையைப் பொறுத்தது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் 30 நாளுக்குள்ள முழுப் பணத்தைத் திரும்பக் கேக்க விடுறது பொருள்ல குறை இருந்தாத்தான். ரெண்டையும் குழப்பிச் சொல்லி வித்துட்டா பின்னாடி உங்க பேர்தான் அடிபடும்.

கமிஷன் எப்படிக் கணக்காகுதுன்னு முதல் நாளே ஏஜென்சியைக் கேளுங்க. நீங்க டெமோ காட்டி, கடைக்காரர் லாகின்ல பில் போடுவாங்க, அந்த விற்பனை உங்க பேர்ல ஏறுதா? "யோசிச்சுட்டு வர்றோம்"னு போய் புதன்கிழமை வந்து வாங்கறவங்க யார் கணக்கு? கடையோட மொத்த விற்பனையை வச்சுக் கமிஷன் தர்றாங்கன்னா உங்களுக்கு லாபம். உங்க ஷிஃப்டுக்கு மட்டும்னா மாடல், நேரம் ரெண்டையும் சின்ன நோட்டுல குறிச்சு வைங்க. கடை ஆளுங்களோட சுமுகமா இருங்க. நீங்க இல்லாத அஞ்சு நாளும் உங்க ஷெல்ஃபைப் பாத்துக்கிறது அவங்கதான்.

கிடங்கு வேலையோட ஒப்பிட்டா, நவம்பர் கடைசியில வர்ற பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில இருந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தள்ளுபடி வரைக்கும் இதுல கூடவே கிடைக்க வாய்ப்பு இருக்கு. ஜனவரி பாதியில கூட்டம் வடிஞ்சதும் ஏஜென்சி முதல்ல வெட்டறது டெமோ ஷிஃப்டைத்தான். பிப்ரவரி வாடகையை இந்தக் காசுல கட்டலாம்னு கணக்குப் போடாதீங்க, இப்பவே கிடங்கிலயும் பேர் பதிஞ்சு வைங்க.