லீவர் மெல்ல அமிழ்கிறதா? மாஸ்டர் சிலிண்டரைத்தான் பாருங்கள்

எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, ஆனால் கொழும்பு காலி வீதி சிக்னலில் பிடித்துக்கொண்டு நின்றால் பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் லீவர் மெல்ல மெல்லக் கைப்பிடி வரை வந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக மாஸ்டர் சிலிண்டருக்குள் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பகுதி) பிஸ்டனில் இருக்கும் முன் கப் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பிரேக் ஒயில் வெளியே வராமல் ரப்பரைத் தாண்டி பிரேக் ஒயில் தாங்கிக்குள்ளேயே திரும்பிப் போகிறது. சக்கரப் பக்கம் பிரேக் பிடிக்கும் கலிப்பரை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

கிட் (புது ரப்பர்கள் அடங்கிய ரிப்பேர் செட்) வாங்க உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பிஸ்டனையும் கையோடு கொண்டுபோங்கள். 14 மி.மீ.க்கும் 12.7 மி.மீ.க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது.

கழற்றியதும் சிலிண்டரின் உட்சுவரை டோர்ச் அடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் கிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், முழு சிலிண்டரையே மாற்றுங்கள். தாங்கியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். சின்னது ஊசிமுனை அளவுதான், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மெல்லிய கிட்டார் கம்பியால் குத்திவிடுங்கள். அது அடைத்திருந்தால் சூடேறியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கப்பின் விரிந்த விளிம்பு ஒயில் குழாய்ப் பக்கம் பார்க்க வேண்டும். நான் முதல் தடவை திருப்பிப் போட்டுவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க ஒயில் குழாயிலிருந்து காற்று எடுத்துக்கொண்டிருந்தேன்! ரப்பரில் பூச புது டொட் 4 பிரேக் ஒயில் மட்டும்தான். கிரீஸ், பெற்றோல் பட்டால் ஊதிவிடும். ஒயில் குழாய் போல்ட்டின் செப்பு வொஷர்களும் புதிது போடுங்கள். பெற்றோல் டேங்கின் மேல் பிரேக் ஒயில் சிந்தினால் உடனே அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.