வளரும் நாடுகளில் பாலினச் சமத்துவமின்மை ஏன் நீடிக்கிறது?

படிப்பு, வேலை, சொத்து, முடிவெடுக்கும் உரிமை ஆகியவை ஒருவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துக் கூடுவதும் குறைவதும்தான் பாலினச் சமத்துவமின்மை.

பலரும் 'மனப்பான்மை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நேரம். சமையல், குழந்தை வளர்ப்பு போன்ற கூலியில்லாத பராமரிப்பு வேலையில் உலக அளவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் செய்வதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. குழாயும் குழந்தைக் காப்பகமும் இல்லாத ஊரில் இந்தச் சுமை இன்னும் கூடும். தண்ணீர் எடுக்க ஆள் வேண்டும் என்றால் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது பெரும்பாலும் மகள்தான். ஒரே கோட்டில் இருவரை ஓடவிட்டு, ஒருவர் இடுப்பில் மட்டும் நிறைகுடத்தை வைத்தது போல.

அடுத்தது நிலம். உழுவது மனைவி, பட்டா கணவன் பெயரில். அடமானம் வைக்க ஒன்றுமில்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது. பல இடங்களில் உர மானியமும் பட்டாதாரருக்கே போகும். விளைச்சல் குறைந்தால் பழி மட்டும் அவளுக்கு! வாரிசுரிமைச் சட்டம் இருந்தாலும், அண்ணன் தம்பியோடு உறவு முறியும் என்று, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் பெண்கள் ஏராளம். சட்டம் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பொருளாதாரம் வளர்ந்தால் இது தானாகச் சரியாகும் என்பது தவறான எண்ணம்: 2005 முதல் 2018 வரை இந்தியப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது, அதே காலத்தில் வேலையிலிருந்த பெண்களின் விகிதம் குறைந்தது.