கோள்கள் ஏன் உருண்டையாகவே இருக்கின்றன?

சிறு விண்கற்கள் கோணல்மாணலாக இருக்க, கோள்கள் மட்டும் ஏன் உருண்டை? எல்லாம் ஈர்ப்பு விசையின் வேலை. ஒரு கோளின் ஒவ்வொரு துகளையும் அது மையத்தை நோக்கி இழுக்கிறது. கோள் பெரிதாகப் பெரிதாக உள்ளழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் பாறைகூடத் தாங்காமல் மெல்ல நெகிழ்ந்து, மேடு தாழ்ந்து பள்ளம் நிரம்பும். உள்ளிழுக்கும் ஈர்ப்பும் வெளித்தள்ளும் அழுத்தமும் சரிக்குச் சரியாக நிற்கும் இந்த நிலைக்கு நீர்நிலைச் சமநிலை என்று பெயர்.

உலர்ந்த மணலை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருங்கள். குவியல் ஓரளவு உயரும், அப்புறம் பக்கவாட்டில் சரிந்து பரவும். மலைகளுக்கும் இப்படியொரு வரம்பு உண்டு. பூமியில் எவரெஸ்ட் சுமார் 9 கி.மீ. உயரம்தான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதமே. அங்கே ஒலிம்பஸ் மலை 20 கி.மீ.க்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது! செவ்வாயின் குட்டி நிலவான ஃபோபோஸோ வெறும் 27 கி.மீ. நீளம்; பாறையை நெகிழவைக்கும் ஈர்ப்பு அதற்கு இல்லை.

சுழல்வதால்தான் கோள்கள் உருண்டையாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுழற்சி உருண்டையைத் தட்டையாக்குகிறது: 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும் வியாழன், துருவ விட்டத்தைவிட நடுவில் சுமார் 9,000 கி.மீ. அகலம் கூடியது.